சர்வர் அறையா, கிளவுடா? 60 படுக்கை மருத்துவமனை ஒன்றுக்காகப் போட்ட கணக்கு

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு டாக்டர் தன் மேஜையில் மூன்று கொட்டேஷன்களைப் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். 60 படுக்கை, ஒரு சி.டி. ஸ்கேன், டயாலிசிஸ் யூனிட், சொந்த லேப், சொந்த ஃபார்மஸி. ஆறு வருடத்துச் சர்வர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. "தம்பி, புதுச் சர்வர் வாங்கி இங்கேயே வச்சுக்கட்டுமா, இல்ல கிளவுடுக்குப் போயிடலாமா? இன்னொருத்தர் ரெண்டும் வேணுங்கிறார். எது சேஃப்னு மட்டும் சொல்லுங்க" என்றார். கிளவுடு என்றால், நம் ரெக்கார்டை இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் சர்வரில் வைப்பது.

எது சேஃப் என்பதற்கு அந்தக் காகிதங்களில் பதில் இல்லை. மூன்றிலும் வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால் இருந்தது, ஆன்டிவைரஸ் இருந்தது, முழுப் பாதுகாப்பு என்று ஒரு வரியும் இருந்தது. நடுத்தர மருத்துவமனைகளுக்குப் பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் நான். இப்போது நான் எதையும் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லாத் திரையும் பூட்டிக் கிடந்தால், பழைய ரெக்கார்டு எத்தனை மணி நேரத்தில் கைக்கு வரும், அதுவரை வார்டு எதை வைத்து ஓடும்?

இந்தக் கேள்வி எனக்கு அனுபவத்தில் வந்தது. சில வருடங்களுக்கு முன்பு நான் பார்த்துக்கொண்டிருந்த வேறொரு மருத்துவமனையிலிருந்து காலை 6:20-க்கு ஃபோன். ரிசப்ஷனில் இருந்த பெண் பேசினாள். "அண்ணா, பேஷன்ட் பேரு அடிச்சா ஒண்ணுமே வரல. டெஸ்க்டாப்ல ஒரு நோட்பேட் ஃபைல் இருக்கு. இங்கிலீஷ்ல பணம் கேக்குது." எல்லாக் கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். சர்வர் இருந்தது மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில். அதன் பின்னால் பேக்கப் ஹார்டு டிஸ்க்கின் நீல விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்த டிஸ்க்கைச் சொருகியவன் நான்தான். இரண்டு வருடமாக அது கழற்றப்படவே இல்லை. சர்வரைப் பூட்டிய ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும் வைரஸ், அதையும் பூட்டியிருந்தது.

உள்ளே வந்த வழியும் தெரிந்தது. பில்லிங் மென்பொருளைச் சரிபார்க்க, அதை விற்ற வென்டர் நிறுவனத்தின் ஆட்களுக்காக ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப், அதாவது தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்கும் வழி, திறந்து விடப்பட்டிருந்தது. பாஸ்வேர்டு, மருத்துவமனை பெயரும் 123-உம். இரவு இரண்டு மணிக்கு யாரோ நேராக வாசல் வழியாகவே வந்திருக்கிறார்கள்.

டயாலிசிஸ் யூனிட்டில் அன்று நடந்ததை நான் மறக்க மாட்டேன். ஹெபடைடிஸ் பி, சி உள்ளவர்களுக்குத் தனி மெஷின் ஒதுக்குவார்கள். யாருக்கு எது என்ற பட்டியல் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. காலை ஷிஃப்டுக்கு வந்தவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாள் சேர்ந்த நீர் உடம்பில் ஏறி, கால் வீங்கி, மூச்சு இரைக்கிறவர்கள். சிஸ்டருக்கு முக்கால்வாசிப் பேரை முகம் பார்த்தே தெரியும். ஆனால் முக்கால்வாசி போதாது. கார்டு டெஸ்ட் போட்டு ஒவ்வொருவராக உறுதி செய்த பிறகுதான் மெஷினில் ஏற்றினார்கள். முதல் ஷிஃப்ட் மூன்று மணி நேரம் தள்ளிப் போனது. லேபில் டெக்னீஷியன் அனலைசரின் சின்னத் திரையைப் பார்த்துப் பார்த்துச் சீட்டில் எழுதினார். ஃபார்மஸியில் எந்தத் தட்டில் என்ன மருந்து, என்ன விலை என்பது யாருக்கும் மனப்பாடமாக இல்லை. ஐ.சி.யூ.வில் மட்டும் வேலை நிற்கவில்லை. அங்கே கட்டில் கால்மாட்டில் 24 மணி நேர சார்ட் காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் கிடைத்த நல்ல பிரதி பதினொரு மாதம் பழையது. மென்பொருளை மாற்றியபோது தற்செயலாக என் டிஸ்க்கில் தங்கியது. நடுவில் இருந்த பதினொரு மாதத்தையும் எம்.ஆர்.டி. என்ற பழைய மருத்துவப் பதிவு அறையில் இருந்த கேஸ் ஷீட்டுகளிலிருந்து இரண்டு பேர் உட்கார்ந்து திரும்ப ஏற்றினார்கள்.

இது சின்ன இடங்களுக்கு மட்டும் நேர்வதில்லை. டெல்லி எய்ம்ஸில் 2022 நவம்பர் 23-ஆம் தேதி இதேதான் நடந்தது. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. பதிவு, அட்மிஷன், டிஸ்சார்ஜ் எல்லாம் கையெழுத்துக்குத் திரும்பின. பெரும்பாலான வேலைகள் மறுபடி கம்ப்யூட்டருக்கு வர இரண்டு வாரம் ஆனது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதே பதில்களில் இன்னொரு தகவலும் வந்தது: தாக்குதல் தொடாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் இ-ஹாஸ்பிடல் என்ற மருத்துவமனை மென்பொருளின் தரவு முழுவதையும் மீட்டுப் புதுச் சர்வர்களில் ஏற்ற முடிந்தது. நாட்டின் முதன்மையான மருத்துவமனை மீண்டு வந்ததும் தொடப்படாத ஒரு பிரதியால்தான். இதை டாக்டரிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் கொட்டேஷன்களைக் கையில் எடுத்தேன்.

முதல் காகிதம்: சொந்தச் சர்வர்.

இதன் பலத்தை இப்போது பலர் குறைத்துப் பேசுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ரோட்டில் ஜே.சி.பி. ஃபைபரை அறுத்துவிட்டால் கிளவுடில் இருக்கிற மருத்துவமனை திகைத்து நிற்கும். சொந்தச் சர்வர் வைத்திருப்பவர் தொடர்ந்து டோக்கன் போட்டுக்கொண்டிருப்பார். ஸ்கேன் படங்களின் கனமும் இருக்கிறது. சி.டி.யில் ஒரு வெட்டுப் படம் சுமார் அரை எம்.பி. 600 வெட்டு எடுத்தால் ஒரு நோயாளிக்கே 300 எம்.பி. பகலில் ஊரே பகிர்ந்துகொள்ளும் லைனில் நிஜமாகக் கிடைப்பது நொடிக்குப் பத்து மெகாபிட் (எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்.பி.) என்றால், அதை மேலே ஏற்ற நான்கு நிமிடம். தலையில் அடிபட்டு வந்தவரின் படத்துக்காக டியூட்டி டாக்டர் நான்கு நிமிடம் காத்திருக்கக் கூடாது. உள்ளே ஒயரில் போனால் நொடிகளில் வந்து நிற்கும்.

பலவீனம் ஆள் இல்லாததுதான். சர்வரை வாங்குவது ஒரு நாள் வேலை. அதைப் பார்த்துக்கொள்வது தினசரி வேலை. அப்டேட் வந்ததா, இரவு மூன்று மணிக்கு யார் லாகின் செய்தார்கள், ஆன்டிவைரஸ் சிவப்பு காட்டியதா என்று பார்க்க ஒருவர் வேண்டும். 60 படுக்கை மருத்துவமனையில் அந்த வேலை பெரும்பாலும் பில்லிங் சூப்பர்வைசர் தலையில் விழுகிறது. அவருக்கு மாதக் கடைசியில் காப்பீட்டு கிளெய்ம் அனுப்பவே நேரம் போதாது.

அயர்லாந்தின் பொது மருத்துவத் துறை எச்.எஸ்.இ. கதை இதற்குச் சரியான சான்று. 2021 மார்ச்சில் ஒரு ஊழியருக்கு வந்த மெயிலில் இருந்த எக்ஸெல் ஃபைலைத் திறந்ததில் தொடங்கியது. கான்டி என்ற கும்பல் எட்டு வாரம் உள்ளேயே நடமாடியது. மார்ச் 31-இலேயே ஆன்டிவைரஸ் சந்தேகக் கருவிகளைக் கண்டுபிடித்துக் குறித்தது. ஆனால் அது தடுக்கும்படி அமைக்கப்படாமல், வேடிக்கை பார்க்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. மே 13-ஆம் தேதி ஆன்டிவைரஸ் நிறுவனமே மெயில் அனுப்பி எச்சரித்தது. மறுநாள் அதிகாலை எல்லாம் பூட்டியது. டப்ளினில் இருக்கும் ரோட்டண்டா மகப்பேறு மருத்துவமனை, 36 வாரம் தாண்டிய கர்ப்பிணிகள் தவிர மற்றவர்களின் புறநோயாளிச் சந்திப்புகளை ரத்து செய்தது. கருவி கத்தியது, கேட்டு ஓடிவர யாரும் இல்லை. நாடே நடத்தும் ஒரு துறைக்கு அந்த நிலை என்றால், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சர்வருக்கு யார் காது கொடுப்பார்கள்?

பார்க்க ஒரு ஆள் இருந்தால் என்ன வித்தியாசம் என்பதற்குச் சிங்கப்பூர் இருக்கிறது. 2018-இல் சிங்ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் அப்போதைய பிரதமர் லீ சியென் லூங்கும் ஒருவர். ஜூன் 27-இல் தொடங்கிய திருட்டு ஜூலை 4-ஆம் தேதி நின்றது. தரவுத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிர்வாகி, வழக்கத்துக்கு மாறான தேடல்கள் ஓடுவதைக் கவனித்து நிறுத்தினார். போன தரவு போனதுதான். ஆனால் கதவு ஒரு வாரத்தில் மூடியது.

ஆகவே சொந்தச் சர்வர் மட்டும் என்ற வழி, முழுநேரக் கம்ப்யூட்டர் ஆட்கள் இரண்டு மூன்று பேரை வேலைக்கு வைக்கக்கூடிய 300 படுக்கைக்கு மேற்பட்ட இடங்களுக்கு ஏற்றது. என் கேள்வியை இதற்குப் போட்டால், பேக்கப் சரியாக இருந்தால் மீள ஒரு நாள், இரண்டு நாள். பேக்கப் சொருகியே கிடந்தால் பதினொரு மாதம் பின்னால்.

இரண்டாவது காகிதம்: முழுவதும் கிளவுடு.

மாதக் கட்டணம், சர்வர் வாங்கும் செலவு இல்லை, அப்டேட் கவலை இல்லை. 15, 20 படுக்கை நர்சிங் ஹோம் வைத்திருக்கிறவர்கள் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். அப்டேட் என்பது சின்ன விஷயமும் இல்லை. 2017 மே 12-ஆம் தேதி வானாக்ரை என்ற ரான்சம்வேர் பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.-ஐ அடித்தபோது சுமார் 19,000 அப்பாயின்ட்மென்ட்டுகள் ரத்தாயின. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது. பல இடங்களில் அது போடப்படவில்லை. நல்ல கிளவுடு நிறுவனம் அந்த வேலையை நமக்காகச் செய்துவிடும்.

ஆனால் கிளவுடு என்றதும் பயம் போய்விட்டதாக நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கிளவுடின் சாவி நம் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. ஒரே லாகினை நான்கு சிஸ்டர்கள் பகிர்ந்துகொண்டு, பாஸ்வேர்டை மானிட்டரில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தால், சர்வர் எந்த ஊரில் இருந்தாலும் பயனில்லை.

அமெரிக்காவில் 2024 பிப்ரவரி 21-ஆம் தேதி சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற நிறுவனம் முடங்கியது. மருத்துவமனைகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் நடுவில் கிளெய்ம்களைக் கடத்தும் நிறுவனம் அது. நாடு முழுவதும் ஃபார்மஸிகள் காப்பீட்டைச் சரிபார்க்க முடியாமல் தவித்தன. சின்ன கிளினிக்குகள் சம்பளம் கொடுக்கத் திணறின. உள்ளே வந்தவர்கள் நுழைந்தது ஒரு ரிமோட் வாசல் வழியாக. அதில் பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பு, அதாவது ஃபோனுக்கு ஓ.டி.பி. வருவது போன்ற ஒன்று, இல்லவே இல்லை. தாய் நிறுவனமான யுனைடெட்ஹெல்த்தின் தலைமை அதிகாரியே அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் இதை ஒப்புக்கொண்டார். கடைசிக் கணக்கில் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 19 கோடிப் பேர். அவர்களில் பலருக்கு அந்த நிறுவனத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

நான் பயப்படுவது இதற்குத்தான். எல்லாரும் ஒருவரிடம் கொடுத்து வைத்தால், அவர் விழும்போது எல்லாரும் விழுகிறோம். லண்டனில் 2024 ஜூன் 3-ஆம் தேதி சின்னோவிஸ் என்ற லேப் நிறுவனம் ரான்சம்வேரில் சிக்கியபோது, தாக்கப்படாத பெரிய மருத்துவமனைகளில்கூட ரத்தப் பரிசோதனை முடங்கியது. ரத்த வகையைப் பொருத்திப் பார்க்க வழியில்லாமல், பெரும்பாலானவர்களுக்கு ஏற்றக்கூடிய ஓ வகை ரத்தத்துக்காகப் பொதுமக்களிடம் வேண்டுகோள் விட்டார்கள். தமிழ்நாட்டிலும் மருத்துவமனை ஒன்றின் நோயாளி விவரங்கள், ஒன்றரை லட்சம் பேருடையது, 2022 டிசம்பரில் இணையத்தில் விலைக்கு வந்ததாகப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கசிந்தது வெளி மென்பொருள் நிறுவனம் ஒன்றின் வழியாக என்பது அவர்கள் கணிப்பு.

டாக்டர் கையில் இருந்த கிளவுடு ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தேன். சேவை எத்தனை சதவீதம் நேரம் கிடைக்கும் என்று இருந்தது. நாம் விலகிப்போக நினைத்தால் நோயாளி ரெக்கார்டை எந்த வடிவத்தில், எத்தனை நாளில் தருவார்கள் என்று எங்கும் இல்லை. விற்பனைக்கு வந்த பையனிடம் கேட்டேன். "சார், அதெல்லாம் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றான். பொய் சொல்லவில்லை அவன். யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த ஒரு வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், ரான்சம்வேர் வராமலேயே நம் ரெக்கார்டு இன்னொருவர் பூட்டுக்குள் போய்விடுகிறது.

மூன்றாவது காகிதம்: இரண்டும் கலந்தது.

ரெக்கார்டு, பில்லிங், அப்பாயின்ட்மென்ட் கிளவுடில். ஸ்கேன் படங்களும் லேப் மெஷின் இணைப்பும் உள்ளே ஒரு சின்னச் சர்வரில். தினமும் இரவு கிளவுடிலிருந்து ஒரு பிரதி உள்ளே இறங்கும். இணையம் போனால் அன்றைய ஓ.பி. பட்டியல், உள்நோயாளிகளின் மருந்து, ஒவ்வாமை, ரத்த வகை, டயாலிசிஸ் பட்டியல் கையில் இருக்கும்.

செலவு மூன்றிலும் இதற்குத்தான் அதிகம். வாசலும் இரண்டாகிறது, இரண்டையும் பூட்ட வேண்டும். கலப்பு வழி என்று விற்பவர்கள் பலர் உண்மையில் இரண்டு கொட்டேஷனை ஒன்றாகத் தைத்துக் கொடுக்கிறார்கள். நடுவில் இருக்கும் இணைப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், கிளவுடுக்காரர் சர்வர்காரரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். ஒரே ஆள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் மட்டுமே இந்த வழிக்குப் போகலாம் என்று டாக்டரிடம் சொன்னேன்.

ஆனாலும் 60 படுக்கைக்கு நான் இதையே சொன்னேன். காரணம் அந்த டயாலிசிஸ் பெஞ்சு. கிளவுடு விழுந்தாலும் உள்ளே நேற்றிரவுப் பிரதி இருக்கும். உள்ளே விழுந்தால் கிளவுடு இருக்கும். இரண்டும் ஒரே சாவியால் திறக்காமல் பார்த்துக்கொண்டால், ஒரே இரவில் இரண்டையும் பூட்டுவது கடினம். மீள்வதற்கு ஆகும் நேரம் நாட்கணக்கிலிருந்து மணிக்கணக்குக்கு வரும்.

நாலாவதாக ஒரு வழியை டாக்டரின் மைத்துனர் சொன்னார், அவர் ஆடிட்டர். "எதுக்கு இவ்வளவு? ஏதாவது ஆச்சுன்னா பணத்தைக் கட்டிட்டு சாவி வாங்கிக்கலாமே." இதை உரக்கச் சொல்கிறவர்கள் குறைவு, மனதுக்குள் வைத்திருப்பவர்கள் நிறைய. அயர்லாந்து பணம் கட்டவில்லை. ஆனாலும் ஆறே நாளில் அந்தக் கும்பல் சாவியை இலவசமாகவே கொடுத்துவிட்டது. அந்தச் சாவி கையில் இருந்தும், எல்லாச் சர்வர்களையும் திறந்து முடிக்கச் செப்டம்பர் வரை ஆனது. நான்கு மாதம். சேஞ்ச் ஹெல்த்கேர் சுமார் 2.2 கோடி டாலர் கட்டியது. கட்டிய பிறகும் வேறொரு கும்பல் அதே தரவு தன்னிடம் இருக்கிறது என்று மிரட்டியது. ஆக, சாவி கிடைத்தாலும் நேரம் திரும்புவதில்லை, பணம் கட்டினாலும் ரகசியம் திரும்புவதில்லை. ஒரு பெண்ணின் கருக்கலைப்பு, ஒருவரின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஒரு இளைஞனின் மனநல மருந்து ஒருமுறை வெளியே போனால் அதை யாரும் திரும்ப வாங்கித் தர முடியாது.

சட்டமும் இப்போது இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவின்படி இப்படிப்பட்ட தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கம்ப்யூட்டர்களில் யார், எப்போது, என்ன செய்தார்கள் என்ற லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்றிருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். டாக்டர்கள் இதில் ஒன்றைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும்: கசிந்தது வென்டரிடமிருந்து என்றாலும், நோயாளி விவரத்தைக் கொடுத்தது மருத்துவமனையை நம்பித்தான். சட்டம் முதலில் மருத்துவமனையைத்தான் கேட்கும். கிளவுடுக்குப் போனதால் அந்தப் பொறுப்பு கைமாறுவதில்லை.

டாக்டர் மூன்றாவது காகிதத்தையே எடுத்தார், சில திருத்தங்களோடு. கொட்டேஷனில் இருந்த விலை உயர்ந்த ஃபயர்வால் மாடலுக்குப் பதிலாகக் கீழ்நிலை மாடலை எடுத்து, மிச்சமான பணத்தில் இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்கும் மாதச் சம்பள ஒப்பந்தத்தில் ஒரு ஆளும் கேட்டேன். ஃபயர்வால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்க்க ஆளில்லாத பெரிய ஃபயர்வாலைவிட, வாரம் இருமுறை லாக்கைப் படிக்கிற ஒரு ஆள் மேல். டிஸ்க் இரண்டும் மாறி மாறிச் சொருகப்படும். பிரதி இறங்கியதும் கழற்றப்படும். ஒன்று எப்போதும் கட்டடத்துக்கு வெளியே, டாக்டர் வீட்டு இரும்பு பீரோவில் இருக்கும். வென்டர்களுக்கான ரிமோட் வாசல் மூடியே இருக்கும். அவர்கள் ஃபோன் செய்து கேட்டால் மட்டும் அரை மணி நேரம் திறக்கும். ஒவ்வொரு சிஸ்டருக்கும் தனி லாகின். வெளியிலிருந்து நுழையும் எதற்கும் ஃபோன் சரிபார்ப்பு. விருந்தினர் வைஃபையும் சி.டி. மெஷினும் இனி ஒரே நெட்வொர்க்கில் இருக்காது.

கடைசி விஷயம் எளிதாக முடியவில்லை. அல்ட்ராசவுண்ட் மெஷின் ஒன்று விண்டோஸ் 7-இல் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் அதை 2020 ஜனவரியிலேயே கைவிட்டுவிட்டது. மாற்றித் தரச் சொன்னால் மெஷின் நிறுவனம் புது மெஷினின் விலையைச் சொல்கிறது. என்.எச்.எஸ்.-இலும் வானாக்ரை 1,220 பரிசோதனைக் கருவிகளைத் தொற்றியது. எக்ஸ்ரே, ஸ்கேன் மெஷின்களைக் கம்ப்யூட்டராக யாரும் எண்ணுவதில்லை, அதனால் அவற்றை யாரும் அப்டேட் செய்வதும் இல்லை. இப்போதைக்கு அந்த அல்ட்ராசவுண்டை இணையமே எட்டாத தனிக் கிளையில் போட்டு, படங்களை மட்டும் ஒரு வழியாக வெளியே எடுக்கிறோம். எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. ஆனால் நல்ல மெஷின், கர்ப்பிணிகள் தினமும் காத்திருக்கிறார்கள், தூக்கிப் போட முடியாது.

சிஸ்டர்களுக்காக ஒரு தடித்த ஃபைல் போட்டோம். வெற்று ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு, லேப் படிவம், டயாலிசிஸ் பட்டியல். பட்டியல் மட்டும் தினமும் மாலை ஆறு மணிக்கு அச்சாகும், பழையது கிழித்துப் போடப்படும். ஹெட் சிஸ்டர் அதை வாங்கிப் புரட்டிவிட்டு, "இதை நாங்க முன்னாடியே எழுதிட்டுத்தானே இருந்தோம் தம்பி, கம்ப்யூட்டர் வந்து நிறுத்துச்சு" என்றார். பட்டியலில் ஒரு திருத்தமும் சொன்னார்: மெஷின் எண்ணுக்குப் பக்கத்தில் நோயாளியின் வீட்டு ஃபோன் எண். திடீரென்று ஷிஃப்ட் தள்ளிப் போனால், பஸ் ஏறி வருவதற்கு முன்பே அவர்களுக்குச் சொல்லலாம். நானோ வென்டரோ அதை யோசிக்கவில்லை.

போன ஞாயிறு முதல் ஒத்திகை. சர்வரை நிறுத்திவிட்டு, பீரோவில் இருந்த டிஸ்க்கிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் மீட்டுப் பார்த்தோம். முழுவதும் வந்தது. ஐந்து மணி பத்து நிமிடம் ஆனது. அதில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், மென்பொருளின் லைசன்ஸ் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடியதில் போனது. அது வேலையை விட்டுப்போன ஒருவரின் மெயிலில் இருந்தது. இப்போது லைசன்ஸ் சாவி, ரூட்டர் பாஸ்வேர்டு, வென்டர் நம்பர், செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கும் முறை, சைபர் குற்ற உதவி எண் 1930 எல்லாம் ஒரே தாளில் எழுதி உறையில் போட்டு, டிஸ்க்கோடு அதே பீரோவில் இருக்கின்றன. அடுத்த ஒத்திகைக்கு டாக்டர் மூன்று மணி நேரம் கெடு வைத்திருக்கிறார்.